கிரிப்டோ வாலட்டில் கணக்குகளுக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பெயர்களைக் காப்பதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கணினியையோ கைபேசியையோ மாற்றிய பிறகு, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரைக் கொடுத்து வாலட்டை (கிரிப்டோ நாணயங்களின் சாவிகளை வைத்திருக்கும் மென்பொருளை) மீட்டெடுத்தால் பணம் திரும்பி வந்துவிடும். ஆனால் பெரும்பாலான மென்பொருள்களில் நாம் வைத்திருந்த பெயர்கள் வருவதில்லை. "அம்மாவின் சேமிப்பு", "எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்தது" என்றெல்லாம் இருந்த இடங்களில் "கணக்கு 1", "கணக்கு 2" என்று மட்டும் இருக்கும். அப்படி வெறுமையாக நின்ற ஒரு வாலட்டை, வங்கி அறிக்கைகளையும் எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தை) பதிவுகளையும் பரிவர்த்தனைத் தேதிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்று நான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை எவ்வளவு சலிப்பூட்டுவது என்பதை அறிந்ததால், இப்போதுதான் வாலட் தொடங்குபவர்களுக்கு அது நேராமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பிட்காயினுக்கு ஸ்பேரோ, எலக்ட்ரம் ஆகியவற்றையும், எத்தீரியத்துக்கு மெட்டாமாஸ்க்கையும், சாவிகளைத் தனியே வைத்திருக்கும் வன்பொருள் கருவிகளில் டிரெசர், லெட்ஜர் ஆகியவற்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

1. எந்தப் பெயர் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாலட் மென்பொருளில் நான்கு வகைப் பெயர்கள் உண்டு. முதலாவது வாலட்டின் பெயர்: ஸ்பேரோவிலும் எலக்ட்ரத்திலும் இது உங்கள் கணினியில் உள்ள கோப்பின் பெயர்தான். இரண்டாவது கணக்கின் பெயர்: ஒரே மீட்புச் சொற்றொடரின் கீழ் 0, 1, 2 என்று எண்ணிட்டுப் பிறக்கும் கணக்குகளுக்கு நீங்கள் இடும் பெயர். மூன்றாவது, பணத்தைப் பெறும் தனித்தனி முகவரிக்கும் பரிவர்த்தனைக்கும் எழுதும் குறிப்பு. இதைத்தான் லேபிள் என்கிறோம். நான்காவது, பணம் கொடுத்துப் பிளாக்செயினிலேயே (எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டிலேயே) பதிவு செய்யும் பொதுப்பெயர். இவற்றுள் நான்காவது மட்டுமே பிளாக்செயினில் இருக்கிறது. முதல் மூன்றும் உங்கள் கருவியிலோ, நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மென்பொருள் நிறுவனத்தின் சேவையகத்திலோ இருக்கின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கணக்கின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கட்டணம் இல்லை, பரிவர்த்தனையும் நடப்பதில்லை. ஆகவே கணக்குப் பெயரைப் "பதிவு செய்ய", "சரிபார்க்க", "ஒத்திசைக்க" என்று சொல்லிக் கட்டணமோ மீட்புச் சொற்றொடரோ கேட்கும் எந்தப் பக்கமும் மோசடிதான். இன்னொன்று, மெட்டாமாஸ்க்கை ஓர் இணையதளத்தோடு இணைக்கும்போது அந்தத் தளத்துக்குப் போவது முகவரி மட்டுமே. நீங்கள் வைத்த பெயர் போவதில்லை.

பிட்காயின் கோர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் முன்பு இருந்த "கணக்குகள்" என்ற வசதி 2018-இல் வெளிவந்த 0.17 பதிப்பில் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அடுத்த 0.18 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அங்கே லேபிள்களும் தனித்தனி வாலட்டுகளும்தான் உண்டு. லேபிளுக்குத் தனி இருப்பு கிடையாது. ஒரு லேபிளின் கீழ் வந்த பணத்தை "அந்த லேபிளிலிருந்து" மட்டும் செலவிடு என்று ஆணையிட முடியாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துக் கணக்கு ஆணைகளைத் தட்டச்சு செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு பேருடைய பணத்தைப் பிரித்து வைக்க வேண்டுமானால் இரண்டு வாலட்டுகளை உருவாக்குங்கள்.

2. பெயர் வைப்பதற்கு முன் ஒரு பதிவேடு தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டிலோ, கடவுச்சொல் இட்ட விரிதாளிலோ, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கணக்கின் பெயர், மென்பொருளின் பெயர், கணக்கின் வரிசை எண், முகவரி வகை, முதல் பெறும் முகவரி, மாஸ்டர் ஃபிங்கர்பிரிண்ட் (இது என்னவென்று கீழே சொல்கிறேன்), தொடங்கிய தேதி. மீட்புச் சொற்றொடரின் ஒரு சொல்கூட இதில் வரக்கூடாது. பின் எண்ணும், சொற்றொடரோடு கூடுதலாகச் சேர்க்கும் கடவுச்சொல்லான பாஸ்பிரேஸும் அப்படியே.

வரிசை எண் ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிஐபி 44 என்ற விதிமுறையின்படி, மீட்டெடுக்கும் மென்பொருள் கணக்குகளை 0 முதல் ஒவ்வொன்றாகத் தேடும். பரிவர்த்தனையே நடக்காத ஒரு கணக்கைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிடும். நீங்கள் மூன்றாவது கணக்கைத் தொடாமல் விட்டு, நான்காவதில் பணம் வைத்திருந்தால், புதிய கணினியில் அந்த நான்காவது கணக்கு தானாகத் தோன்றாமல் போகலாம். பணம் தொலையவில்லை; அது எந்த எண்ணில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால் கையால் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் மட்டும் நினைவிருந்து எண் நினைவில்லையென்றால், அங்கேதான் பதற்றம் தொடங்கும். ஒரு கணக்குக்குள் முகவரிகளைத் தேடும்போதும் இப்படி ஓர் எல்லை உண்டு: அடுத்தடுத்து 20 முகவரிகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் தேடல் நின்றுவிடும்.

முகவரி வகையும் இதே காரணத்துக்காகத்தான். பிட்காயினில் ஒரே மீட்புச் சொற்றொடரிலிருந்து லெகஸி, நெஸ்டட் செக்விட், நேட்டிவ் செக்விட், டேப்ரூட் என்று நான்கு வழிகளில் கணக்குகள் பிறக்கின்றன. சொற்றொடரிலிருந்து கணக்கு பிறக்கும் வழியைக் குறிக்கும் பாதை எண்கள் முறையே 44, 49, 84, 86. தவறான வகையைத் தேர்ந்தால் இருப்பு பூச்சியம் என்று காட்டும். எத்தீரியத்தில் இன்னும் நுட்பமான குழப்பம் ஒன்று இருக்கிறது. லெட்ஜர் நிறுவனத்தின் செயலி இரண்டாவது கணக்கை உருவாக்கும்போது பாதையின் நடுவில் உள்ள கணக்கு எண்ணை மாற்றுகிறது; மெட்டாமாஸ்க் தன் மீட்புச் சொற்றொடரிலிருந்து இரண்டாவது கணக்கை உருவாக்கும்போது பாதையின் கடைசி எண்ணை மாற்றுகிறது. முதல் கணக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்கும். இரண்டாவது முதல் வெவ்வேறு முகவரிகளாகிவிடும். "லெட்ஜர் 2" என்று பெயரிட்டதை மட்டும் நம்பி மெட்டாமாஸ்க்கின் இரண்டாவது கணக்கைத் தேடினால் அது கிடைக்காது. ஆகவே பதிவேட்டில் எந்தச் செயலியில் தொடங்கினோம் என்பதையும் முதல் முகவரியையும் எழுதிவைப்பது கட்டாயம்.

மாஸ்டர் ஃபிங்கர்பிரிண்ட் என்பது ஸ்பேரோ போன்ற மென்பொருள்கள் காட்டும் எட்டு எழுத்து அடையாளம். எந்தக் கணக்கு எந்த மீட்புச் சொற்றொடரைச் சேர்ந்தது என்பதை, சொற்றொடரை வெளியே எடுக்காமலேயே இதைக் கொண்டு சொல்லிவிடலாம். பாஸ்பிரேஸ் சேர்த்தால் இந்த அடையாளமும் மாறிவிடும் என்பதால், பாஸ்பிரேஸில் ஓர் எழுத்து பிசகி வேறொரு வெற்று வாலட்டைத் திறந்துவிட்டோமா என்றும் உடனே தெரிந்துவிடும்.

மெட்டாமாஸ்க்கில் தனிச்சாவியைக் (ஒரு கணக்கின் பணத்தைச் செலவிட உதவும் இரகசியக் குறியீட்டைக்) கொண்டு இறக்குமதி செய்த கணக்குகளுக்குப் பதிவேட்டில் ஒரு குறியிடுங்கள். மற்றக் கணக்குகளோடு ஒரே பட்டியலில் பெயரோடு இருந்தாலும், அவை உங்கள் மீட்புச் சொற்றொடரின் கீழ் வராதவை. வாலட்டை மீட்டெடுத்தால் அவை திரும்ப வராது. அவற்றின் சாவியைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும், அல்லது பணத்தைச் சொற்றொடரின் கீழுள்ள கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். என் கருத்தில் இரண்டாவதே நல்லது.

3. பெயரை அமைக்கும் முறை

நோக்கம், நாணயம், வரிசை எண் ஆகிய மூன்றும் பெயரில் இருந்தால் போதும்: "சேமிப்பு பிட்காயின் 0", "அன்றாடச் செலவு ஈத்தர் 1" என்பதுபோல. தொகையை எழுத வேண்டாம். பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு உரியது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும் பெயரும் வேண்டாம். திரையைப் பிறரோடு பகிரும்போதும், படம் பிடித்து உதவி கேட்கும்போதும் முதலில் வெளியே தெரிவது பெயர்தான்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் பலர். கணக்குப் பெயருக்கும் லேபிளுக்கும் தாராளமாக வைக்கலாம். வாலட் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு இயங்குதளத்துக்கு நகலெடுக்கும்போது தொல்லை குறையும். லேபிள்களைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரியக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிடாதீர்கள். தரவை இறக்குமதி செய்யும் வழியில் யூடிஎஃப் 8 என்பதைத் தேர்ந்து திறந்தால் எழுத்துகள் சரியாகிவிடும். குலைந்த நிலையில் சேமித்துவிட்டால்தான் உண்மையான இழப்பு.

4. முகவரியைக் கொடுப்பதற்கு முன்பே லேபிள் எழுதுங்கள்

பிட்காயினில் ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி தருவதே முறை. அந்த முகவரியை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருடைய குறிப்பை, பணம் வரும் முன்பே, முகவரியை நகலெடுக்கும் அந்த நேரத்திலேயே எழுதிவிடுங்கள். ஸ்பேரோவில் பெறும் முகவரிக்கு எழுதிய லேபிள், பணம் வந்தவுடன் அந்தப் பரிவர்த்தனைக்கும் தானாக வந்து சேரும். அனுப்பும்போதும் அது லேபிள் எழுதச் சொல்லிக் கேட்கும். "அ", "ஆ" என்று எதையாவது தட்டிவிட்டுக் கடந்துபோகாதீர்கள்.

லேபிளில் எழுதத் தக்கவை: யாரிடமிருந்து, எதற்காக, அன்றைய ரூபாய் மதிப்பு எவ்வளவு. தேதியைப் பரிவர்த்தனையே சொல்லிவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுத்ததா, தனி நபரிடமிருந்து வந்ததா என்பதையும் குறியுங்கள். பிட்காயினில் இரண்டு வரவுகளைச் சேர்த்து ஒரே செலவாக அனுப்பினால், இரண்டும் ஒருவருடையவை என்று பார்ப்பவர்கள் ஊகித்துக்கொள்ள முடியும். எதை எதோடு சேர்க்கலாம் என்று முடிவெடுக்க லேபிள் ஒன்றே துணை.

பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஆர்வத்தில் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடாதீர்கள். பெயரை மாற்றுவது இலவசம். கணக்கை மாற்றுவது பிளாக்செயினில் நடக்கும் பரிவர்த்தனை. நேட்டிவ் செக்விட் முகவரியில் உள்ள ஒவ்வொரு வரவையும் செலவிட ஏறத்தாழ 68 விர்ச்சுவல் பைட் (கட்டணத்தைக் கணக்கிடும் அளவு) இடம் வேண்டும். கட்டணம் ஒரு பைட்டுக்கு 10 சதோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கே ஒரு சதோஷி) என்று இருக்கும் நாளில் சிறுசிறு வரவுகள் 30-ஐ ஒன்றாகத் திரட்டினால், அதற்கே 20,400 சதோஷி போய்விடும்.

5. அனுப்பும் இடங்களுக்கும் பெயர் வையுங்கள்

எத்தீரிய முகவரியில் 42 எழுத்துகள் இருக்கின்றன. மென்பொருள்களோ பெரும்பாலும் முதல் சில எழுத்துகளையும் கடைசிச் சில எழுத்துகளையும் மட்டுமே காட்டுகின்றன. இதைப் பயன்படுத்தித் திருடர்கள், நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி அதைப் போலவே முடியும் வேறொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து மிகச் சிறிய தொகையையோ பூச்சியத் தொகையையோ உங்களுக்கு அனுப்பி, உங்கள் வரலாற்றுப் பட்டியலில் இடம்பிடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை பட்டியலிலிருந்து நகலெடுப்பவர் திருடனுக்கே அனுப்பிவிடுவார். 2024 மே மாதத்தில் ஒருவர் இவ்விதம் 1,155 ராப்டு பிட்காயின்களை (எத்தீரியத்தில் புழங்கும் பிட்காயின் வடிவம்) அனுப்பிவிட்டார். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 6.8 கோடி டாலர். அவருக்குப் பெரும்பகுதி பின்னர் திரும்பக் கிடைத்தது. அத்தகைய நல்வாய்ப்பை எதிர்பார்த்து யாரும் இருக்க முடியாது.

எனவே வரலாற்றுப் பட்டியலிலிருந்து முகவரியை ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். அடிக்கடி அனுப்பும் முகவரியை, முழு 42 எழுத்துகளையும் ஒரு முறை பொறுமையாகச் சரிபார்த்து, தொடர்புகள் பட்டியலில் பெயரோடு சேர்த்துவிட்டு, அங்கிருந்தே தேர்ந்தெடுங்கள். அப்படித் தேர்ந்த பிறகும் வன்பொருள் கருவியின் திரையில் தெரியும் முகவரியைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கணினியில் காட்டப்படும் பெயரைத் தீய நிரல் ஒன்று மாற்றிவிட முடியும். கருவியின் திரையை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

தொடர்பின் பெயரில் பிணையத்தையும் (எந்தப் பிளாக்செயின் என்பதையும்) எழுதுங்கள். எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம், பிஎன்பி செயின் ஆகியவற்றில் உங்கள் முகவரி ஒன்றாகவே இருக்கும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அவற்றுள் சிலவற்றை மட்டுமே ஏற்கலாம். "எக்ஸ்சேஞ்ச், எத்தீரியம் மட்டும்" என்று பெயரிலேயே இருந்தால் கை தயங்கும். எக்ஸ்ஆர்பி போன்றவற்றில் எக்ஸ்சேஞ்ச் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே முகவரியைத் தந்து, ஒவ்வொருவருக்கும் தனி டேக் எண்ணைக் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணைப் பெயரோடு சேர்த்து எழுதாவிட்டால், பணம் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும், உங்கள் கணக்கில் ஏறாது. அதை மீட்க ஆதரவுப் பிரிவோடு நாள்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டிவரும்.

6. பெயர்களை ஏற்றுமதி செய்து காப்பு நகல் எடுங்கள்

எலக்ட்ரத்தில் வாலட் பட்டியின் கீழ் உள்ள லேபிள்கள் பகுதியிலிருந்து அவற்றை ஜேசன் கோப்பாக எடுக்கலாம். ஸ்பேரோவில் வாலட்டை ஏற்றுமதி செய்யும் இடத்திலேயே லேபிள்களுக்கான தெரிவும் இருக்கிறது. அது பயன்படுத்தும் பிஐபி 329 என்ற வடிவம், வெவ்வேறு வாலட்டுகளுக்கிடையே லேபிள்களை எடுத்துச் செல்வதற்காகவே 2022-இல் முன்மொழியப்பட்டது. முகவரி, பரிவர்த்தனை, கணக்கின் எக்ஸ்பப் சாவி (கணக்கின் முகவரிகளைக் காட்டும் பொதுச்சாவி) ஆகியவற்றுக்கு எழுதிய பெயர்கள் அதில் அடங்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் நீங்கள் இருந்தால், இந்த வடிவத்தை ஆதரிப்பதையே தேர்ந்தெடுங்கள்.

டிரெசரின் மென்பொருளில் லேபிள் வசதியை அமைப்புகளில் நீங்களே இயக்க வேண்டும். இயக்கினால், பெயர்கள் மறையாக்கம் செய்யப்பட்டு டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்ற நீங்கள் தேர்ந்த இடத்தில் சேமிக்கப்படும். மறையாக்கச் சாவி உங்கள் மீட்புச் சொற்றொடரிலிருந்தே பிறப்பதால், வேறொரு டிரெசர் கருவியில் அதே சொற்றொடரை மீட்டெடுத்துப் பழைய சேமிப்பிடத்தை இணைத்தால் பெயர்களும் வந்துவிடும். மெட்டாமாஸ்க், லெட்ஜர் ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகளிலும் ஒத்திசைவு வசதி இருக்கிறது. அது இயங்குகிறதா என்று அமைப்புகளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இயங்கும் என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

ஏற்றுமதி செய்த கோப்பில் பணத்தை எடுக்கும் சாவி இல்லை. ஆனால் யாரிடமிருந்து எவ்வளவு வாங்கினீர்கள் என்ற முழு வரலாறும் திறந்த எழுத்தில் இருக்கும். எக்ஸ்பப் சாவியும் அப்படியே: அதைக் கொண்டு செலவிட முடியாது, ஆனால் அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளையும் பார்த்துவிடலாம். ஆகவே கோப்பைக் கடவுச்சொல் இட்டு மறையாக்கம் செய்து, இரண்டு இடங்களில் வையுங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வது காப்பு ஆகாது. மாதம் ஒரு முறையும், மென்பொருளைப் புதுப்பிக்கும் முன்பும் புதிய நகல் எடுத்தால் போதும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

7. பொதுப்பெயர் வாங்க விரும்பினால்

எத்தீரியத்தில் இஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவுச் சேவை வழியாக, டாட் ஈத் என்று முடியும் பெயரை உங்கள் முகவரிக்கு வாங்கலாம். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகளுள்ள பெயருக்கு ஆண்டுக்கு 5 டாலர், நான்கு எழுத்துக்கு 160 டாலர், மூன்று எழுத்துக்கு 640 டாலர்; பிணையக் கட்டணம் தனி. பதிவு இரண்டு பரிவர்த்தனைகளில் நடக்கும்: முதலாவதற்குப் பிறகு குறைந்தது 60 விநாடி காத்திருந்து, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவதை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், கட்டிய பிணையக் கட்டணமும் திரும்பாது. இது வாடகைதான், சொத்து அல்ல. காலம் முடிந்தால் 90 நாள் சலுகை உண்டு. அதன் பிறகு பெயர் பிறருக்குத் திறந்துவிடப்படும். உங்கள் பழைய பெயரை வேறொருவர் வாங்கினால், அந்தப் பெயரை நம்பி அனுப்பப்படும் பணம் அவருக்கே போகும்.

புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயரை அறிந்த எவரும் அந்த முகவரியின் இருப்பையும் வரலாற்றையும் பார்க்க முடியும். வாங்கியே தீர வேண்டுமானால், சேமிப்புக் கணக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிக் கணக்குக்கு மட்டும் வாங்குங்கள்.

8. வருமான வரிக்குத் தேவையானவற்றைப் பெயர்களோடு சேர்த்து வையுங்கள்

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல், கிரிப்டோ போன்ற மெய்நிகர் எண்மச் சொத்துகளைக் கைமாற்றுவதில் வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் தீர்வையும் உண்டு. கொள்முதல் விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தோடு ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 விழுக்காடு டிடிஎஸ் பிடித்தமும் நடைமுறையில் இருக்கிறது. வருமான வரிப் படிவத்தில் இதற்கென உள்ள அட்டவணை, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, பெற்ற தொகை ஆகியவற்றைக் கேட்கிறது.

லேபிள் இல்லாத வாலட்டிலிருந்து இந்த நான்கையும் எடுப்பது மிகக் கடினம். முக்கியமாக, உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்கள் இன்னொரு கணக்குக்கு மாற்றியதையும், பிறருக்கு விற்றதையும் பிளாக்செயின் வேறுபடுத்திக் காட்டாது. "என் கணக்கு 0 முதல் என் கணக்கு 1 வரை" என்ற குறிப்பு அன்றே எழுதப்பட்டிருந்தால், பின்னாளில் கேள்வி வரும்போது அது பயன்படும். லேபிள் கோப்போடு எக்ஸ்சேஞ்ச் தரும் பரிவர்த்தனை அறிக்கை, வங்கி அறிக்கை, டிடிஎஸ் தெரியும் 26ஏஎஸ் படிவம் ஆகியவற்றை நிதியாண்டு வாரியாக ஒரே உறையில் வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடப்பட்டால் அதன் பதிவுகளை எடுக்க வழியில்லாமல் போகலாம். எனவே மார்ச் 31 முடிந்தவுடன், ஏப்ரல் முதல் வாரத்திலேயே அறிக்கைகளைத் தரவிறக்கிவிடுங்கள். தொகை பெரிதென்றால், ஜூலை மாத நெரிசலுக்கு முன்பே பட்டயக் கணக்கரிடம் போவது நல்லது.

9. மீட்டுப் பாருங்கள்

காப்பு நகல் வேலை செய்கிறதா என்பதைத் தேவை வரும் நாளில் அறிந்து பயனில்லை. வன்பொருள் கருவி வைத்திருப்பவர்கள் மீட்புச் சொற்றொடரை எந்தக் கணினியிலும் தட்டச்சு செய்யக்கூடாது; நம்பகமான வேறொரு கணினியில் மென்பொருளை நிறுவி, கருவியை இணைத்து, பெயரில்லாமல் தோன்றும் கணக்குகளைப் பதிவேட்டின் வரிசை எண்ணோடும் முதல் முகவரியோடும் ஒப்பிட்டு, பிறகு லேபிள் கோப்பை இறக்குமதி செய்யுங்கள். எலக்ட்ரம் அல்லது ஸ்பேரோவில் மென்பொருள் வாலட் வைத்திருப்பவர்கள், கணக்கின் எக்ஸ்பப் சாவியைக் கொடுத்துப் பார்வைக்கு மட்டுமான வாலட் ஒன்றை உருவாக்கி, அதில் லேபிள்களை ஏற்றிப் பார்க்கலாம். பணத்துக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லை.

எல்லாப் பெயர்களும் உரிய இடத்தில் வந்து அமர்ந்தால், சோதனைக்காக உருவாக்கிய வாலட்டையும் அந்தக் கணினியில் உள்ள லேபிள் கோப்பையும் நீக்கிவிட்டு, சோதித்த தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஏதேனும் ஒரு கணக்கு தோன்றாவிட்டால், அதன் எண், முகவரி வகை, பாஸ்பிரேஸ் என்ற வரிசையில் சரிபாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும். வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பதிவேடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி, உங்கள் விளக்கம் இல்லாமல் அவரால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று கேளுங்கள். அவருக்குப் புரியாத பெயர்களை அன்றே மாற்றிவிடுங்கள்.